நிறுவைக்குப் போகாத கொழுந்து

அந்தக் கால்வாய்க் கரையை நான் ஒரு நாளும் மிதித்ததில்லை. ஆனாலும் அதன்மேல் எத்தனை பாலங்கள், எந்த வளைவில் வாத்துகள் கூடும், எந்த வீட்டின் பின்சுவரில் செங்கல் பெயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவில் எங்கள் அடுப்படி மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, வேல்ஸில் இருக்கும் ஒரு சின்ன ஊரை ஒரு கோடை முழுவதும் பார்த்தேன். நடந்தவள் என் மனைவி.

எங்கள் மகள் அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததும், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பினாள். எனக்கு அனுப்பவில்லை.

“அப்பா, ஒங்களுக்கு அடுத்த தடவ. இங்க குளிரு ஒங்களுக்கு ஒத்துக்காது.”

“எழுவத்து மூணு வருசமா நான் என்ன பாலைவனத்துலயா இருக்கேன்?” என்றேன்.

“அது வேற குளிருப்பா.”

அந்த வேறு குளிர் அவளுடைய அம்மாவுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் குழந்தைப் பிள்ளைபோல அடம் பிடிக்கிறேன் என்பார்கள். மூன்று மாதம்தானே, ஆடியில் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முன்னால் வந்துவிடுவாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். திரும்பும் தேதியும் டிக்கெட்டிலேயே இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் அந்த நடை தொடங்கியது. அங்கே மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரம், இங்கே விளக்கு வைக்கும் நேரம். மகள் பச்சைப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, வண்டியின் கைப்பிடியில் போனை மாட்டிவிட்டு என்னை அழைப்பாள். மனைவி வண்டிக்கு முன்னால் நடப்பாள். ஆகவே அந்தக் கோடையில் நான் அதிகம் பார்த்தது அவளுடைய முதுகைத்தான்.

எங்களுக்கு அது மழைக்காலம். கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் மகளின் குரல் பாதி கேட்காது. நான் கம்பளிச் சட்டை போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். குளிர் நாடு என்று சொன்ன இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மனைவி நூல் சேலையோடு நடப்பாள். முதல் பொறாமை எனக்கு அந்த வெயில்மீதுதான்.

கால்வாய் ஊரின் பின்பக்கமாகப் போகிறது. ஒரு சின்னத் தேவாலயத்தின் பின்னால் தொடங்கி, இறைச்சிக் கடையின் பின்வாசல், பள்ளிக்கூட விளையாட்டுத் திடல், சலவைத் துணி காயும் முற்றங்கள் என்று ஊரின் முதுகைத் தடவிக்கொண்டே போய், தண்ணீரை ஏற்றி இறக்கும் ஒரு மரக்கதவில் அவர்களுடைய நடை முடியும். அதற்குள் பாலங்கள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன இரும்புத் தகட்டில் இலக்கம் போட்டிருக்கிறார்கள். கேட்க ஆளில்லாத பாலத்துக்கும் இலக்கம். அதைப் பார்த்தபோது அந்த நாட்டின்மேல் எனக்கு மதிப்பு வந்தது. எங்கள் ஊரில் வீடுகளுக்கே இலக்கம் ஒழுங்காக இல்லை. தபால்காரர் என் பெயரைச் சொல்லி ரோட்டில் நின்று கூப்பிடுகிறார்.

பலகைகளில் இரண்டு மொழி இருந்தது. மேலே அவர்களுடைய சின்ன மொழி, கீழே ஆங்கிலம். “மேல இருக்கிறது வேல்ஸ்காரங்க பாஷப்பா. இங்க அதுதான் மொதல்ல வரும்,” என்றாள் மகள். என் வாழ்நாளில் எத்தனை பலகைகளில் எங்கள் மொழி மேலே இருந்தது என்று கணக்குப் பார்த்தேன். சீக்கிரம் முடிந்துவிட்ட கணக்கு அது.

முன்பு அந்தக் கால்வாயில் கரியும் சுண்ணாம்பும் படகில் போனதாம். கரையில் குதிரை நடந்து கயிற்றால் படகை இழுக்குமாம். அந்தக் குதிரைப் பாதையில் இப்போது வேலையில்லாத மனிதர்கள் மெதுவாக நடக்கிறார்கள். பாலத்தின் வளைவுக் கல்லில் கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. மகள் காட்ட, என் மனைவி அதில் ஒரு விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

“நம்ம தலையில கூடைக் கயித்துத் தடம் இருக்கில்ல, அது மாதிரியே இருக்குடி,” என்றாள்.

அவள் முப்பத்தேழு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலைக்குச் சற்று முன்னால் அவளுக்கு ஒரு தடம் உண்டு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வாத்தியாராக இருந்தவன். எனக்கு எங்கும் தடம் இல்லை.

வைகாசி கடைசியில்தான் அந்தக் காரியம் நடந்தது. நாலாவது பாலம் தாண்டியதும் ஒரு வீட்டுத் தோட்டத்தின் வேலி கரையோரமாக நீளமாக வரும். என்ன செடி என்று தெரியாது. இலை தேயிலையைவிடச் சின்னது. ஆனால் இடுப்பளவு உயரத்தில் நெருக்கமாக, இளம்பச்சைத் தளிர் விட்டு நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊரில் எவரும் தேயிலை நிரை என்றுதான் சொல்லுவார்கள்.

மகள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு அது பாட்டுக்கு நடக்க, அவளுடைய இரண்டு கைகளும் வேலிமேல் போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தளிரைக் கிள்ளின. கை நிறைந்ததும், திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலால் முதுகுப் பக்கம் எறிந்தாள். முதுகில்தான் கூடை இல்லையே. தள்ளுவண்டியைத் தாண்டி முன்னேறி வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் நெஞ்சில் போய் விழுந்தது அந்தக் கொழுந்து. அவர் கையில் ஒரு நாயின் வார்.

“ஐயய்யோ!” என்று மனைவி வாயில் கை வைத்தாள். மகள் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். கிழவர் சட்டையிலிருந்து தளிர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு வேலியைப் பார்த்தார். அவள் வந்த தூரம் வரைக்கும் வேலியின் மேல்பக்கம் நூல் பிடித்ததுபோல மட்டமாக இருந்தது. அதற்கு அப்பால் தாறுமாறாக நின்றது. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

“அம்மா, இது அவரோட வேலியாம். கத்தரி இல்லாம எப்பிடி இப்பிடி வெட்டுனாங்கன்னு கேக்குறாரு.”

“வெட்டலைன்னு சொல்லு. கிள்ளுனேன்னு சொல்லு.”

“மிச்சத்தையும் கிள்ளுவீங்களான்னு கேக்குறாரு. சும்மா, சிரிச்சுக்கிட்டுத்தான் கேக்குறாரு.”

“அதுக்கென்ன, தெனம் வாற வழிதானே. கிள்ளுனா போச்சு.”

நான் டிக்கோயாவில் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டேன்.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். வேலையிலிருந்து நின்ற நாளில் என் மனைவி கூடையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, “இனிமே ஒரு செடிமேல கை வைக்க மாட்டேங்க. கீரையக்கூட நீங்களே கிள்ளிக் குடுங்க,” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் கீரை கிள்ளுபவன் நான். எங்கள் வீட்டு முன்வேலி காட்டுச் சூரியகாந்தி. அது கம்பியைத் தாண்டி, தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி, ரோட்டுக்கு வந்துவிட்டது. “மாஸ்டர், ஒங்க வேலி என் கண்ணாடிய ஒடைக்காம விடாது போல,” என்று திரீவீல்காரர்கள் கத்திக்கொண்டு போவார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதை மட்டம் பார்த்துவிடு என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். “எனக்கு என்னா, நீங்க வெட்டுங்க,” என்பாள். அப்படிப்பட்டவள் கடல் கடந்து போய், முன்பின் தெரியாத ஒருவருடைய வேலியை, கேட்ட மறுநிமிடமே ஒத்துக்கொள்கிறாள்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்கு நான் வேலிக்காரர் என்று பெயர் வைத்தேன். மனசுக்குள் மட்டும்.

வேலிக்காரர் நாளாக ஆக நடையிலும் சேர்ந்துகொண்டார். நாலாவது பாலத்தடியில் நாயோடு நிற்பார். இவர்கள் வந்ததும் கூடவே வருவார். நானும் என் மனைவியும் ஹட்டன் டவுனுக்குப் போனால் நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். மலைப் பாதையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடமில்லை; தார் ரோட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. அந்தக் குதிரைப் பாதை அகலமானது. அங்கே அவளும் வேலிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். நடுவில் நாய் நடந்தது. அந்த நாய்க்கு நான் நன்றி உள்ளவனாக இருந்தேன்.

அவர்களுக்குப் பொதுவான மொழி கிடையாது. அவர் தம்முடைய ஆங்கிலத்தில் பேசுவார், இடையிடையே அந்தச் சின்ன மொழியும் வரும். அவள் தமிழில் பேசுவாள். எனக்குத் தெரிந்து அவர்கள் பேச்சு ஒரு நாளும் நிற்கவில்லை.

“அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்பேன்.

“என்னமோ சொன்னாரு. நானும் என்னமோ சொன்னேன்.”

“புரியாம எப்பிடிப் பேசுற?”

“புரிஞ்சு பேசுனா சண்டதானேங்க வருது,” என்றாள். மகள் சிரித்துவிட்டாள். போன் குலுங்கியது.

ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன் நான். வினைச்சொல் முக்காலத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஒரு நாள் மகள் போனைத் திருப்பி, “அங்கிள், இதுதான் எங்க அப்பா,” என்று வேலிக்காரருக்கு என்னைக் காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றினார். நான் எழுந்து நின்று, “குட் ஈவினிங்” என்றேன். அங்கே பகல் என்பது மறந்துபோனது. அவர் வெயிலை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. “யெஸ்” என்றேன். அங்கே மூன்று பேர் சிரித்தார்கள், நாய் குரைத்தது. என்ன கேட்டார் என்று மகளிடம் பிறகு விசாரித்தேன். “ஒங்க ஊருலயும் இப்பிடி வேலி இருக்கான்னு கேட்டாருப்பா,” என்றாள்.

அதற்குப் பிறகு நான் எண்ணத் தொடங்கினேன். என் மனைவி என்னோடு பேசும்போது ‘அவரு’ என்று எத்தனை தடவை சொல்கிறாள் என்று. முதல் நாள் ஒன்பது. அந்த வாரக் கடைசியில் பதினேழு. அவரு வீட்டுல அவரே சமைக்கிறாராம். அவரு வீட்டம்மா போய் ஆறு வருசமாம். அவரு அந்தக் காலத்துல நெலக்கரிச் சுரங்கத்துல வேல செஞ்சாராம், மூச்சு வாங்குதாம், பாவம். பாவம் என்ற சொல் அந்த வாரம் நாலு தரம் வந்தது. மழையில் நனைந்து மூன்று நாள் இருமிக்கொண்டு கிடந்த எனக்கு ஒரு ‘பாவம்’கூட வரவில்லை. “கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க” என்பதோடு முடிந்தது.

ஒரு நாள் அவர் தேத்தண்ணி கொடுத்தார். வேலிக்கு மேலால் கையை நீட்டி ஒரு பெரிய கோப்பையை அவளிடம் தந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கோப்பைக்குள்ளிருந்து ஒரு நூல் தொங்கியது. தேயிலைத் தூளைப் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடுத்த சமாச்சாரம் அது. இந்த மலையில் பிறந்து, தோட்டத்துத் தூளின் வாசனையை வைத்தே எந்த மாதத்துக் கொழுந்து என்று சொல்லக்கூடியவள், அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

“எப்பிடி இருக்கு?” என்றேன்.

“சுடச்சுட இருக்கு,” என்றாள், அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

ஆனி நடுவில் மகள் என்னைத் தனியாக அழைத்தாள். அது நடைக்குப் போகும் நேரம்கூட இல்லை.

“அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு வேலைக்குத் திரும்பணும். பிள்ளையப் பாக்க ஆள் இல்ல. அம்மா விசா இன்னும் மூணு மாசத்துக்கு இருக்கு. நீங்க சரின்னா டிக்கெட்ட மாத்திடுவேன். புரட்டாசி முடியிற வரைக்கும். தீவாளிக்கு ஒங்க கையில ஒப்படச்சிடுவேன்.”

“ஒங்கம்மா என்ன சொல்றா?”

“அப்பாகிட்ட கேளு, அவரு சொன்னா இருக்கேன், வேணாம்னா வாரேன்னு சொல்றாங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆடித் திருவிழாவுக்கு அவள் வருவாள் என்று நான் முதல் நாளிலிருந்து குறித்து வைத்திருந்தேன். பேரப்பிள்ளைக்காக என்றால் சரி. மகளுடைய வேலைக்காக என்றால் அதுவும் சரி. ஆனால் என் மனசுக்குள், அந்த வேலிதான் அவளைப் பிடித்து வைக்கிறது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. செடி திரும்பத் தளிர்க்கும். ஒரு சுற்று எடுத்தால் அடுத்த சுற்று வரும். கொழுந்துக்காரிக்கு அது தெரியும். புரட்டாசி வரைக்கும் எத்தனை சுற்று வரும் என்றுகூட நான் கணக்குப் போட்டேன்.

நான் பதில் சொல்லாமலே இழுத்தேன். மகள் தினமும் கேட்டாள். கடைசியில் ஒரு நாள் மனைவி தள்ளுவண்டியிலிருந்து போனைக் கழற்றித் தன் கையில் எடுத்துக்கொண்டாள். முதுகுக்குப் பதிலாக முகம் தெரிந்தது. வெயிலில் சற்றுக் கறுத்திருந்தாள். நல்ல தூக்கம் தூங்கிய முகம்.

“என்னாங்க, அந்தப் புள்ள ஒரு வாரமா கேக்குது. ஒரு பதில் சொல்லக் கூடாதா?”

“நான் என்ன சொல்றது. இங்க கூரை ஒழுகுது.”

“நானா வந்து ஏறித் தகரம் அடிக்கப் போறேன்?”

“கோழி ரெண்டு நாளா முட்ட இடல.”

“அதுக்கும் நானா வந்து இடணும்?”

“திருவிழா வருது. சாமி நம்ம வாசலுக்கு வரும்போது தட்டு எடுக்க ஆள் வேணாமா?”

“பக்கத்து வீட்டு மதினிய எடுக்கச் சொல்லுங்க. வருசா வருசம் நாந்தானே எடுத்தேன், சாமிக்கும் மாத்தமா இருக்கும்.” பிறகு, “வரச் சொன்னா வாரேங்க. ஆனா உள்ள காரணத்தச் சொல்லுங்க,” என்றாள்.

மகள் தள்ளுவண்டியோடு முன்னால் போய்விட்டாள் என்று தெரிந்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அடுப்பைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், கடைசியில் சொன்னேன்.

“நம்ம வேலியில பதினோரு வருசமா கை வைக்கல. அந்தாளு வேலியில வச்சிட்ட.”

“எந்த ஆளு?”

“வேலிக்காரன்.”

அவள் சிரித்தாள். கொஞ்சமாக அல்ல. பக்கத்திலிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு வானமும் ஒரு மரக்கிளையும் மட்டும் தெரிந்தன. பிறகு முகம் திரும்ப வந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அட கடவுளே. அவருக்கு எம்பது வயசுங்க.”

“எனக்கும் ஒண்ணும் இருவது இல்ல.”

“இதுக்கா ஒரு வாரம்?” என்றாள். “கல்யாணம் பண்ண நாள்லருந்து இப்பிடி ஒண்ணு நீங்க கேட்டதில்ல. பொறாமப்பட எங்கிட்ட என்னா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”



“நம்ம வேலியில கை வச்சேன்னு வைங்க,” என்று அவளே தொடர்ந்தாள். “ஒரு நா ‘அந்த மூல விட்டுப்போச்சு’ம்பீங்க. மறுநா ‘கெழக்கால ரெண்டு கொப்பு நிக்குது’ம்பீங்க. அப்புறம் அது வேலதானே? இங்க கையி அது பாட்டுக்குப் போவுது. கிள்ளிப் போடுறேன். தண்ணியில விழுந்து மெதந்து போவுது. நிறுக்க ஆளில்ல. எத்தன கிலோன்னு கேக்க ஆளில்ல. மொதுகுல ஒண்ணுமில்லாம நடக்கிறேங்க. நான் பொறந்ததுலருந்து இப்பிடி நடந்தது கெடையாது. எங்க போறேன்னு கேட்டா எங்கயும் இல்ல. போயிட்டுத் திரும்பி வாறேன், அவ்ளோதான்.”

அந்தக் கால்வாயின்மேல், அந்தப் பாதையின்மேல், அந்தக் கல்லின்மேல் அந்த நிமிடம் எனக்கு வந்த பொறாமை வேலிக்காரர்மேல்கூட வந்ததில்லை. அவரையாவது வயசானவர் என்று ஒதுக்கிவிடலாம். ஒரு பாதையை எப்படி ஒதுக்குவது?

“இப்ப சொல்லுங்க. வரவா, இருக்கவா?”

“இரு,” என்றேன்.

“மனசோடயா?”

“பாதி மனசு.”

“பாதி போதும். முழுசா இருந்துச்சுன்னா நாந்தான் சந்தேகப்படணும்,” என்று எழுந்து நடக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். இந்தச் செய்தியை மற்றவர்கள் வாயிலிருந்து கேட்பதைவிட நானே சொல்வது மரியாதை என்று பட்டது. பாண் சுடும் பேக்கரி முதலாளி சிங்களத்தில், அம்மா எப்போது வருகிறார் என்று கேட்டார். “நான்தான் இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொன்னேன்,” என்றேன். மருந்துக் கடையில் சொன்னேன். சைக்கிள் கடையில் அவர்கள் கேட்காமலே சொன்னேன். தபால்காரரை மறித்துச் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக என் தீர்மானமாகவே ஆகிக்கொண்டு வந்தது.

ஐந்தாவது ஆள் மரக்கறிக் கடையில் நின்றாள். என் மனைவியோடு ஒரே நிரையில் இருபது வருடம் கொழுந்து எடுத்தவள். இப்போது தையல் செய்கிறாள். லீக்ஸ் கட்டை ஒவ்வொன்றாகத் தூக்கி முகர்ந்துகொண்டிருந்தாள்.

“என்னாங்க மாஸ்டர், மொகமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு?”

“ஒன் கூட்டாளிய இன்னும் மூணு மாசம் இருந்துட்டு வரச் சொல்லிட்டேன்.”

“தெரியுமே,” என்றாள். “புரட்டாசி வரைக்கும் இருக்கப் போறேன்னு ரெண்டு வாரத்துக்கு முந்தியே சொல்லுச்சே.”

இரண்டு வாரத்துக்கு முன்னால் மகள் என்னிடம் வாயே திறக்கவில்லை.

“ஒனக்கு யாரு சொன்னா?”

“அதுதான் சொல்லுச்சு. போன்லதான். ஒங்களுக்கு எடுக்கிறதுக்கு முந்தி எனக்கு எடுக்குமே, சமைக்கிற நேரம்.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல. அன்னைக்கு நான் கோயிலுக்குப் போயிருவேன்.”

“வேற என்னெல்லாம் சொன்னா?”

அவள் லீக்ஸ் கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அது பொம்பளப் பேச்சு மாஸ்டர். ஒங்களுக்கு என்னாத்துக்கு?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். ஏறுகிற வழியெல்லாம் எனக்கு அந்தத் தையல்காரிமேல் எரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு பேச்சு, அது எனக்கு என்று நான் நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது இரண்டாவது பேச்சு. நான் ஒரு வாரமாகத் தூங்காமல் கிடந்து முடிவெடுத்த காரியம், டிக்கோயாவில் ஒரு தையல் மெசினுக்கு முன்னால் எப்போதோ முடிவாகிவிட்டது.

சாயங்காலம் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். ஒரு தரம் நின்று, திரும்ப அடித்தது. எடுத்தேன். மகள் அன்று வரவில்லை. தள்ளுவண்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, போனை மறு கையில் பிடித்தபடி மனைவியே நடந்துகொண்டிருந்தாள்.

“தையக்காரிகிட்ட ரெண்டு வாரத்துக்கு முந்தியே சொல்லிட்டியாமே,” என்றேன். வணக்கமும் சொல்லவில்லை, பிள்ளையையும் விசாரிக்கவில்லை.

அவள் திடுக்கிடவில்லை. “ஆமாங்க. அவகிட்ட சொன்னேன். ஒங்ககிட்டதானே கேட்டேன்.”

அதை நான் இரண்டு மூன்று தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இலக்கணப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை.

“நான் வேணாம்னு சொல்லியிருந்தா?”

“வந்திருப்பேன். வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன்.”

“எவ்ளோ நாளைக்கு?”

“அத நீங்கதானே எண்ணுவீங்க,” என்றாள்.

நடந்துகொண்டே பேசியதால் பாதை மேலும் கீழுமாகக் குலுங்கியது. ஒரு பாலத்தின் நிழல் வந்து போனது. எந்த இலக்கம் என்று பார்ப்பதற்குள் வெயில் வந்துவிட்டது. யாரையோ பார்த்து அவள் தலையசைத்தாள். படத்தின் ஓரத்தில் ஒரு நாயின் வால் ஆடியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.